கிறிஸ்மஸ் பார்ட்டிக்கு எந்த பாட்டில்? ஸ்பார்க்ளிங் வைன் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு

டிசம்பர் வந்துட்டா லண்டன், பாரிஸ், டொராண்டோன்னு வெளியூர்ல வேலை பாக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஒரே மாதிரி ஒரு சங்கடம் வரும். கூட வேலை செய்றவங்க கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூப்பிடுவாங்க, வெறுங்கையோட போகவும் முடியாது, சரி ஒரு பாட்டில் வாங்கலாம்னு கடைக்குள்ள போனா தங்கக் காகிதம் சுத்தின பாட்டிலா வரிசையா நிக்கும். ஒண்ணு எட்டு பவுண்டு, பக்கத்துலயே பாக்க அதே மாதிரி இருக்கறது நாப்பத்தஞ்சு பவுண்டு. ரெண்டுலயும் குமிழி வரும், ரெண்டும் டப்புன்னு திறக்கும், அப்புறம் எதுக்கு இந்த வித்தியாசம்னு யார்கிட்டயும் கேக்கவும் கூச்சமா இருக்கும். அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன், அதோட வீட்லயே நியூ இயர் பார்ட்டி வச்சு நாலு பேருக்கு காக்டெயில் கலந்து குடுக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் சேர்த்து.

எனக்குத் தெரிஞ்சு ரெண்டு விஷயம் புரிஞ்சா போதும், மீதி எல்லாம் தானா வந்துடும். ஒண்ணு, அந்தக் குமிழி எங்க வச்சு உண்டாச்சுங்கறது. இன்னொண்ணு, லேபிள்ல சர்க்கரை அளவைச் சொல்ற அந்தச் சின்ன வார்த்தை. பிராண்ட் பேரு, விருது ஸ்டிக்கர், பாட்டில் கனம் இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

முதல்ல குமிழி. எந்த வைனா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான், திராட்சைச் சாறுல இருக்கற சர்க்கரையை ஈஸ்ட் தின்னுட்டு ஆல்கஹாலும் கார்பன் டை ஆக்ஸைடும் வெளிய விடும். சாதா வைன்ல அந்த வாயு காத்துல போயிடும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஸ்பார்க்ளிங் வைன்னா என்ன பண்றாங்கன்னா, இப்படி ஒரு தடவை புளிச்சு முடிஞ்ச வைனை எடுத்து அதுல திரும்பவும் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டு இறுக்கமா மூடிடறாங்க. ரெண்டாவது தடவை புளிக்கும்போது வாயு வெளிய போக வழி இல்லாததால வைனுக்குள்ளயே கரைஞ்சு நிக்குது. நாம திறக்கும்போது அதுதான் பொங்கி வர்றது. இந்த ரெண்டாவது புளிப்பு எதுக்குள்ள நடந்துச்சு, பாட்டிலுக்குள்ளயா இல்ல பெரிய டேங்குக்குள்ளயாங்கறதுதான் அந்த எட்டு பவுண்டுக்கும் நாப்பத்தஞ்சு பவுண்டுக்கும் நடுவுல இருக்கற கதையில பெரிய பங்கு.

ஷாம்பெயினுக்கு இது பாட்டிலுக்குள்ளயே நடக்கும். பாரிஸுக்கு வடகிழக்குல ரான்ஸ், எபெர்னேன்னு ரெண்டு ஊரு, அதைச் சுத்தி இருக்கற பகுதிக்குப் பேருதான் ஷாம்பெயின். அங்க விளைஞ்ச திராட்சையில, அங்க இருக்கற விதிப்படி செஞ்சா மட்டும்தான் அந்தப் பேரை பாட்டில்ல போடலாம். பெரும்பாலும் மூணு திராட்சை, ஷார்டனே, பினோ நுவார், மெனியே. இதுல ரெண்டு கருப்பு திராட்சை, ஆனா தோல் ஊறாம மெதுவா பிழிஞ்சு எடுக்கறதால சாறு வெள்ளையாதான் வரும். வைன் ரெடியானதும் லிட்டருக்கு சுமார் 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து பாட்டில்ல ஊத்தி, சோடா பாட்டிலுக்குப் போடற மாதிரி தகர மூடி போட்டு, பாதாள அறையில படுக்க வச்சிடுவாங்க. ரான்ஸ்ல இந்த அறைங்க பல ரோமானியர் காலத்துல சுண்ணாம்புக்கல் வெட்டின பள்ளங்க, வருஷம் முழுக்க ஜில்லுனு ஒரே மாதிரி இருக்கும், 2015ல யுனெஸ்கோ பட்டியல்லயும் சேர்ந்துச்சு. பாட்டிலுக்குள்ள பிரஷர் மெல்ல ஏறி கிட்டத்தட்ட 6 பார் வரைக்கும் போகும், அதாவது கார் டயர்ல இருக்கறதைவிட ரெண்டு மூணு மடங்கு. அதனாலதான் அந்த பாட்டில் அவ்வளவு கனமா, அடியில உள்பக்கமா குழிஞ்சு இருக்கு.

ஈஸ்ட் வேலையை முடிச்சுட்டு செத்து அடியில வண்டலா படிஞ்சிடும். உடனே அதை எடுத்துட மாட்டாங்க, இதுதான் முக்கியம். அந்த வண்டலோட மாசக்கணக்கா கிடக்கும்போதுதான் ஷாம்பெயினுக்கே உரிய அந்த வாசனை வருது, இப்பதான் சுட்ட பிரெட், பிஸ்கட், வறுத்த பாதாம் மாதிரி. வருஷம் போடாத சாதா ஷாம்பெயின் குறைஞ்சது 15 மாசம் கிடக்கணும், அதுல 12 மாசம் வண்டலோட. லேபிள்ல வருஷம் போட்டிருந்தா குறைஞ்சது மூணு வருஷம். இடம், நேரம், முடங்கிக் கிடக்கற பணம், எல்லாத்தையும் நீங்க குடுக்கற விலையில சேர்த்துக்கோங்க.

சரி, இப்ப அந்த வண்டலை எப்படி வெளிய எடுக்கறது? வடிகட்டினா வாயு போயிடும். இதுக்கு வழி கண்டுபிடிச்சது ஒரு விதவைப் பெண், பேரு பார்ப் நிக்கோல் போன்சார்டின். 27 வயசுல, 1805ல புருஷன் செத்துப் போனதும் குடும்ப வியாபாரத்தைக் கையில எடுத்தவங்க. கடையில மஞ்ச லேபிள் ஒட்டி வெவ் கிளிகோன்னு ஒரு ஷாம்பெயின் பாத்திருப்பீங்க, அந்தப் பேருக்கே கிளிகோ வீட்டு விதவைன்னுதான் அர்த்தம். 1816 வாக்குல அவங்க கம்பெனியில ஓட்டை போட்ட பலகை ஒண்ணு செஞ்சாங்க. அதுல பாட்டிலை கழுத்து உள்ள போற மாதிரி சொருகி, தினமும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமா தலைகீழா சாய்ச்சுட்டே வந்தா வண்டல் முழுசும் கழுத்துக்கு வந்து சேர்ந்துடும். கையால பண்ணினா வாரக்கணக்குல ஆகும், இப்ப பெரும்பாலும் மெஷின்ல ஒரு வாரம் மாதிரி. அப்புறம் கழுத்தை மட்டும் உறைய வச்சு மூடியைத் திறந்தா உள்ள இருக்கற பிரஷரே அந்த ஐஸ் கட்டியை வண்டலோட சேர்த்து வெளிய தள்ளிடும். குறைஞ்ச அளவுக்கு வைனும் கொஞ்சம் சர்க்கரையும் கலந்து ஊத்தி, கார்க் அடிச்சு, கம்பிக் கூண்டு மாட்டினா முடிஞ்சுது. 200 வருஷம் ஆச்சு, வேலை இன்னும் அதேதான், எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான்.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், தோம் பெரின்யோன்னு ஒரு சாமியார்தான் ஷாம்பெயினைக் கண்டுபிடிச்சார், குடிச்சுப் பாத்துட்டு நட்சத்திரத்தைக் குடிக்கிறேன்னு கத்தினார்னு ஒரு கதை பார்ட்டியில யாராவது கண்டிப்பா சொல்வாங்க. அவர் நிஜமான ஆளுதான், ஓவில்லே மடத்துல 1668ல இருந்து 1715ல சாகற வரைக்கும் வைன் அறையைப் பாத்துக்கிட்டவர், திராட்சையைக் கலக்கறதுல கெட்டிக்காரர். ஆனா அவர் காலத்துல குமிழி வந்தா அது பாட்டிலை வெடிக்க வைக்கிற தொந்தரவு, அதை வராம தடுக்கத்தான் பாத்தாங்க. நட்சத்திர வசனம் எல்லாம் ரொம்பப் பின்னாடி விளம்பரத்துல வந்தது. அவர் மடத்துக்கு வரறதுக்கு முன்னாடியே, 1662ல கிறிஸ்டோபர் மெரெட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் லண்டன் ராயல் சொசைட்டியில, வைன்ல சர்க்கரை சேர்த்து நுரைக்க வைக்கிறாங்கன்னு எழுதிக் குடுத்திருக்கார். பிரஷர் தாங்கற கெட்டி பாட்டிலும் அப்ப இங்கிலாந்துலதான் இருந்துச்சு, நிலக்கரி உலையில செஞ்சது. பிரெஞ்சுக்காரங்க முன்னாடி இதைச் சொல்லிட்டு என் பேரைச் சொல்லாதீங்க.

இனி டேங்க். இத்தாலிக்காரங்களோட ப்ரோசெக்கோ இந்த வழி. ரெண்டாவது புளிப்பை பெரிய மூடின ஸ்டீல் டேங்குக்குள்ளயே முடிச்சுட்டு, பிரஷர் குறையாம வடிகட்டி பாட்டில்ல அடைச்சிடுவாங்க. 1895ல மார்டினோட்டின்னு இத்தாலிக்காரர் பேடன்ட் வாங்கினார், 1907ல ஷார்மான்னு பிரெஞ்சுக்காரர் அதை மேம்படுத்தினார், அதனால ரெண்டு பேர் பேருலயும் சொல்வாங்க. வருஷக்கணக்கா காத்திருக்க வேண்டாம், வாரக்கணக்குல முடிஞ்சிடும், ஆளு கூலி கம்மி, அதனால விலையும் கம்மி. இதைக் கேட்டதும் ஓ அப்ப இது மட்டமான சரக்குன்னு நினைக்காதீங்க. ப்ரோசெக்கோவுல போடற க்ளேரா திராட்சைக்கு பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூ மாதிரி மென்மையான வாசனை, அதைக் கொண்டுபோய் வண்டல்ல ரெண்டு வருஷம் போட்டா அந்த வாசனையே அமுங்கிடும். ஃப்ரெஷ்ஷா இருக்கணும்னுதான் டேங்க். வெனிஸுக்கு வடக்க கோனெல்யானோ, வால்டோபியாதெனே ஊருங்களுக்கு நடுவுல இருக்கற குன்றுல விளையறதுதான் நல்லது, லேபிள்ல அந்த ஊர் பேரு இருந்தா ரெண்டு மூணு யூரோ அதிகம் குடுத்து எடுக்கலாம்.

இதுக்கு நடுவுல ஒரு கூட்டம் இருக்கு, நான் யாருக்காவது வாங்கச் சொன்னா பெரும்பாலும் இங்கதான் கையைக் காட்டுவேன். ஸ்பெயின்ல காவா, பிரான்ஸ்ல ஷாம்பெயினுக்கு வெளிய மத்த ஊருங்கள்ல செய்ற க்ரெமான். ரெண்டும் ஷாம்பெயின் மாதிரியே பாட்டிலுக்குள்ள புளிச்சது, அதே தலைகீழா சாய்க்கிற வேலை, ஆனா வண்டலோட கிடக்கற காலம் ஒன்பது மாசத்துல இருந்து ஆரம்பிக்கும், நிலத்து விலையும் பேருக்குக் குடுக்கற விலையும் கம்மி. காவா பெரும்பாலும் பார்சிலோனா பக்கத்துல பெனெதெஸ்ல வர்றது. க்ரெமான் அல்சாஸ், லுவார், பர்கண்டி, லிமூன்னு பல இடத்துல இருந்து வரும். இங்கிலாந்துல இருக்கறவங்க சசெக்ஸ், கென்ட் பக்கம் செய்றதையும் பாருங்க, அங்கயும் ஷாம்பெயின் மாதிரியே சுண்ணாம்பு மண்ணு, அதே மூணு திராட்சை, விலை மட்டும் க்ரெமான் மாதிரி இல்ல, ஷாம்பெயின் பக்கத்துல நிக்கும். நம்ம ஊருலயும் நாசிக்ல சூலா, ஷாண்டோன் ரெண்டு பேரும் பாட்டில் முறையிலயே ஸ்பார்க்ளிங் பண்றாங்க. ஷாண்டோன் ஷாம்பெயின்ல இருக்கற மோயெட் கம்பெனியோட சொந்தக் கிளை. பெங்களூர்ல இதெல்லாம் சுலபமா கிடைக்கும், தமிழ்நாட்டுல டாஸ்மாக் எலைட் கடையில அன்னைக்கு என்ன வச்சிருக்காங்களோ அதுதான்.

அடுத்து சர்க்கரை வார்த்தை. இதுல ஒரு பெரிய குழி இருக்கு, புதுசா வாங்கறவங்க எல்லாரும் விழற குழி. கடைசியில கார்க் அடிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பாங்கன்னு சொன்னேன் இல்ல, அந்த அளவை வச்சுதான் பேரு. ப்ரூட்னா லிட்டருக்கு 12 கிராமுக்குள்ள, அதாவது நாக்குக்கு இனிப்பு தெரியாது. எக்ஸ்ட்ரா ப்ரூட்னா 6 கிராமுக்குள்ள, ப்ரூட் நேச்சர்னா 3 கிராமுக்குள்ள, அதுல தனியா சர்க்கரையே சேர்க்க மாட்டாங்க, பழக்கம் இல்லாதவங்களுக்கு எலுமிச்சம்பழம் கடிச்ச மாதிரி இருக்கும். இப்ப குழி. எக்ஸ்ட்ரா ட்ரைன்னு போட்டிருந்தா ரொம்ப ட்ரை, அதாவது இனிப்பே இல்லாததுன்னு நினைச்சு எடுப்போம், ஆனா அது ப்ரூட்டைவிட இனிப்பு, 12ல இருந்து 17 கிராம். செக்னு வெறுமன போட்டிருந்தா 17ல இருந்து 32. டெமி செக் 32ல இருந்து 50, நல்லாவே இனிப்பு. இந்தக் குழப்பம் எதுக்குன்னா 19ஆம் நூற்றாண்டுல ஷாம்பெயின் பாயசம் கணக்கா இனிச்சுது, ரஷ்யாக்காரங்க இன்னும் போடுன்னு கேட்டாங்க, அந்த அளவுகோல்ல 15 கிராம்ங்கறது ரொம்பவே ட்ரைதான். இங்கிலாந்துக்காரங்களுக்கு இனிப்பு வேண்டாம்னு 1874ல லூயிஸ் பொம்மெரிங்கற அம்மா, அவங்களும் ஒரு விதவைதான், ப்ரூட் பாணியில போட்டு பிரபலமாக்கினாங்க. இப்ப உலகம் முழுக்க ப்ரூட்தான் ஓடுது, பேரு மட்டும் பழசாவே நின்னுடுச்சு.

இது ஏன் தெரிஞ்சிருக்கணும்னா சாப்பாட்டுக்கு இதுதான் முக்கியம். கிறிஸ்மஸ்னா பிளம் கேக் இருக்கும், நிறைய பேரு கேக் வெட்டும்போதுதான் பாட்டிலைத் திறப்பாங்க, அதுவும் ப்ரூட். கேக் இனிப்புக்கு முன்னாடி ப்ரூட் வெறும் புளிச்ச தண்ணி மாதிரி ஆயிடும், அப்புறம் ஷாம்பெயின்னா இவ்வளவுதானான்னு ஒரு பேச்சு. கேக்கோட குடிக்க டெமி செக் எடுங்க, இல்லன்னா இத்தாலியோட மொஸ்காத்தோ தாஸ்தி. அது லேசா நுரைக்கும், நல்ல இனிப்பு, ஆல்கஹால் அஞ்சு பர்சென்ட் பக்கம்தான், வைனே பிடிக்காதுன்னு சொல்றவங்களுக்கும் பெரும்பாலும் பிடிக்கும், விலையும் கம்மி. ப்ரூட்டை உப்பும் எண்ணெயும் இருக்கற பலகாரத்துக்கு வச்சுக்கோங்க. உருளைக்கிழங்கு சிப்ஸ், மசால் வடை, மீன் வறுவல், இதோட ப்ரூட் போற அளவுக்கு வேற வைன் எதுவும் போகாதுங்கறது என் அபிப்பிராயம், அந்தப் புளிப்பும் குமிழியும் எண்ணெயை வழிச்சு எடுத்துட்டு அடுத்த வாய்க்கு நாக்கை ரெடி பண்ணிடும். சிக்கன் 65 மாதிரி காரம் ஏறினா ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், அப்ப எக்ஸ்ட்ரா ட்ரை ப்ரோசெக்கோல இருக்கற அந்தச் சின்ன இனிப்பு கை கொடுக்கும்.

வாங்கியாச்சு, இனி குளிர வைக்கணும். ஃபிரிட்ஜ்ல மூணு நாலு மணி நேரம், இல்ல பக்கெட்ல ஐஸும் தண்ணியும் பாதிப் பாதி போட்டு அரை மணி நேரம். வெறும் ஐஸ் மட்டும் போட்டா நடுவுல காத்து இருக்கும், சீக்கிரம் குளிராது, தண்ணி கண்டிப்பா வேணும். 8ல இருந்து 10 டிகிரி சரியா இருக்கும். ஃப்ரீசர்ல போட்டுட்டு மறந்துடற வேலை வேண்டவே வேண்டாம், உறைஞ்சா பாட்டில் வெடிச்சிடும்.

திறக்கறதுதான் எல்லாருக்கும் பயம், கொஞ்சம் பயம் இருக்கறதும் நல்லதுதான் ஏன்னா அந்த கார்க் கண்ணுல பட்டா பார்வையே போகலாம். கார்க்கைப் பிடிச்சிருக்கற கம்பிக் கூண்டு 1844ல ஜாக்கெசோன்னு ஒருத்தர் பேடன்ட் வாங்கினது, அதுக்கு முன்னாடி சணல் கயிறால கட்டி வச்சிருந்தாங்க. மேல இருக்கற காகிதத்தை உரிச்சுட்டு கம்பியை அரை அரை சுத்தா ஆறு தடவை திருப்பினா லூஸாகும். அந்த நேரத்துல இருந்து கட்டை விரலை கார்க் மேல இருந்து எடுக்கவே கூடாது, கம்பியைக் கழட்டக்கூட வேண்டாம், அதோட சேர்த்தே பிடிச்சுக்கலாம். பாட்டிலைச் சாய்ச்சு, ஆளு இல்லாத பக்கமா காட்டி, ஒரு கையில கார்க்கை அசையாம பிடிச்சுட்டு இன்னொரு கையால பாட்டிலைத் திருப்புங்க. கார்க்கைத் திருப்பினா ஒடைஞ்சாலும் ஒடையும். கார்க் தானா மேல வர ஆரம்பிச்சதும் நீங்க அதை உள்ள அமுக்கற மாதிரி தடுத்துப் பிடிச்சா டப்புன்னு இல்லாம உஸ்ஸுன்னு ஒரு சத்தத்தோட வந்துடும். குலுக்கி பீச்சி அடிக்கிறதெல்லாம் கார் ரேஸ் ஜெயிச்சவங்க பண்ணட்டும், நாம காசு குடுத்து வாங்கினது.

கிளாஸ் பத்தி ரொம்ப கவலைப்பட வேண்டாம். ஒல்லியா உயரமா இருக்கற ஃப்ளூட் பாக்க அழகு ஆனா வாசனை ஏறாது, அகலமான தட்டு மாதிரி கிளாஸ்ல வாயு சீக்கிரம் ஓடிடும். வீட்ல சாதா வெள்ளை வைன் கிளாஸ் இருந்தா அதுவே போதும். சோப்பு எண்ணெய்ப் பசை மட்டும் இருக்கக் கூடாது. சுவாரசியம் என்னன்னா குமிழி வைன்ல தானா உண்டாகறது இல்ல, கிளாஸ் சுவத்துல ஒட்டியிருக்கற கண்ணுக்குத் தெரியாத துணி நார், தூசியில இருக்கற காத்துப் பையில இருந்துதான் கிளம்புது. ரான்ஸ் பல்கலைக்கழகத்துல ஜெரார் லிஜே பெலேர்னு ஒரு இயற்பியல் ஆளு இதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றார். பீர் ஊத்தற மாதிரி கிளாஸைச் சாய்ச்சு ஓரமா ஊத்தினா வாயு அதிகமா தங்கும்னும் அவங்க குழு 2010ல காட்டிட்டாங்க.

ஒரு பாட்டில் 750 மில்லி, 125 மில்லியா ஊத்தினா ஆறு கிளாஸ். பன்னண்டு மணிக்கு சியர்ஸ் சொல்ல மட்டும்னா பத்து பேருக்கு ரெண்டு பாட்டில் போதும், ராத்திரி பூரா ஓடணும்னா ஆளுக்கு அரை பாட்டில்னு கணக்கு வைங்க. வெறும் வயித்துல இது சடார்னு ஏறும், அதனால பலகாரம் முதல்ல வரட்டும், கார் ஓட்டிட்டு வந்தவங்களுக்கு வேற ஏதாவது ரெடியா இருக்கட்டும்.

காக்டெயிலுக்கு வருவோம். இதுல எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான், ஜூஸ் கலக்கற கிளாஸ்ல ஷாம்பெயினை ஊத்தாதீங்க. ரெண்டு வருஷம் வண்டல்ல கிடந்து வந்த அந்த பிரெட் வாசனை ஆரஞ்சு ஜூஸ் முன்னாடி ஒரு நொடி நிக்காது. அதுக்கு காவாவோ ப்ரோசெக்கோவோ போதும். மிமோசான்னா ஆரஞ்சு ஜூஸும் ஸ்பார்க்ளிங்கும் சரிபாதி. 1921ல லண்டன் பக்ஸ் கிளப்ல வந்த பக்ஸ் ஃபிஸ் கிட்டத்தட்ட அதேதான், ஆனா வைன் ரெண்டு பங்கு ஜூஸ் ஒரு பங்கு, இங்கிலாந்துல கிறிஸ்மஸ் காலையில இதைக் குடிக்கிற வீடு நிறைய. வெனிஸ் ஹாரீஸ் பார்ல ஜுசெப்பே சிப்ரியானி போட்ட பெல்லினிக்கு வெள்ளை பீச் பழக் கூழ் ஒரு பங்கு, ப்ரோசெக்கோ ரெண்டு பங்கு, பேரு ஓவியர் ஜியோவான்னி பெல்லினியோடது. டிசம்பர்ல நல்ல பீச் கிடைக்காது, டின்ல வர்றதை அரைச்சுக்கலாம். மாம்பழக் கூழ் போடலாமான்னு கேப்பாங்க, போடலாம், ஆனா டப்பாவுல வர்ற சர்க்கரை போட்ட கூழ்னா கொஞ்சமா போடுங்க, ப்ரூட்டோட மட்டும் கலங்க, இல்லன்னா மில்க் ஷேக் மாதிரி திகட்டிடும்.

பார்ட்டியில பாத்தவுடனே ஆகான்னு சொல்ல வைக்கணும், வேலையும் இருக்கக் கூடாதுன்னா கிர் ரொயால். க்ரெம் த கஸ்ஸிஸ்னு கருப்புத் திராட்சை மாதிரி இருக்கற ஒரு பெர்ரி பழத்துல செய்ற இனிப்பு மதுவை ரெண்டு டீஸ்பூன் கிளாஸ் அடியில விட்டு மேல குளிர்ந்த க்ரெமான் ஊத்தினா போதும், அழகா செக்கச்செவேல்னு கிறிஸ்மஸ் கலரு. பர்கண்டியில டிஜோன் ஊருக்கு மேயரா இருந்த ஃபெலிக்ஸ் கிர்னு ஒரு பாதிரியார் வர்ற விருந்தாளிக்கெல்லாம் வெள்ளை வைன்ல இதைக் கலந்து குடுத்து குடுத்து அவர் பேரே ஒட்டிக்கிச்சு, வைனுக்குப் பதிலா ஸ்பார்க்ளிங் போட்டா ரொயால். கொஞ்சம் வீரியமா வேணும்னா ஃப்ரெஞ்ச் 75, ஜின் 30 மில்லி, எலுமிச்சம் சாறு 15, சர்க்கரைப் பாகு 15, இதை ஐஸ் போட்டு குலுக்கி வடிகட்டிட்டு மேல 60 மில்லி ஸ்பார்க்ளிங். முதல் உலகப்போர்ல பிரெஞ்சுப் படை வச்சிருந்த 75 மில்லிமீட்டர் பீரங்கி பேரு, குடிச்சா ஏன்னு தெரியும், ஒண்ணோட நிறுத்திக்கோங்க. மிலான்ல பார் பாஸ்ஸோவுல நெக்ரோனிங்கற காக்டெயிலுக்கு ஜின் ஊத்தறதுக்குப் பதிலா ஸ்பார்க்ளிங்கை ஊத்தி உண்டானதா சொல்ற ஸ்பக்லியாத்தோவும் உண்டு, கம்பாரிங்கற கசப்பான இத்தாலி மது, மூலிகை போட்ட வைனான சிவப்பு வெர்மூத், ஸ்பார்க்ளிங் மூணும் சம அளவு, கசப்பு பிடிக்கிறவங்களுக்கு மட்டும்.

எல்லாத்துக்கும் பொது விதி ஒண்ணு, ஸ்பார்க்ளிங் எப்பவும் கடைசியில, ஊத்தினப்புறம் ஸ்பூனை ஒரே ஒரு தடவை அடியில இருந்து தூக்கினா போதும், கலக்கி கலக்கி வாயுவை விரட்டாதீங்க. ஷேக்கர்ல போட்டு குலுக்கினா மூடி பறக்கும், சொல்லிட்டேன். இருபது பேர் வர்றாங்கன்னா ஜின், எலுமிச்சை, பாகு இதை முன்னாடியே கலந்து ஜக்குல ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு, ஆளு வர வர கிளாஸ்ல ஊத்தி பாட்டிலைத் திறங்க, அப்பதான் நீங்களும் பார்ட்டியில இருப்பீங்க. குளிர் ஊருன்னா இது கூட ஒரு பானை மல்ட் வைனும் வைக்கலாம், ஜெர்மனி கிறிஸ்மஸ் சந்தையில விக்கிற க்ளூவைன் இதுதான், விலை கம்மியான சிவப்பு வைன்ல பட்டை, கிராம்பு, ஆரஞ்சு, சர்க்கரை போட்டு சின்ன தீயில சூடாக்கினா போதும், கொதிக்க விடாதீங்க, ஆல்கஹால் 78 டிகிரிலயே கொதிக்க ஆரம்பிச்சிடும், கிராம்பும் கசந்துடும்.

கிஃப்டுக்கு வாங்கறவங்க முதல்ல அவங்க குடிப்பாங்களான்னு யார்கிட்டயாவது கேட்டுக்கோங்க, இது சாதாரண விஷயம் ஆனா நிறைய பேரு விட்டுடறாங்க. குடிக்காதவங்க வீடுன்னா நல்ல ஸ்பார்க்ளிங் திராட்சை ஜூஸ் இருக்கு. ஆல்கஹால் எடுத்த வைன் வாங்கினா லேபிள்ல 0.0னு இருக்கா 0.5னு இருக்கான்னு பாருங்க, மத நம்பிக்கையால தொடாதவங்களுக்கு அந்த அரை பர்சென்ட்டும் பெரிய விஷயம். குடிக்கிறவங்கன்னா, கொஞ்சம் விவரமானவங்கன்னா, ஷாம்பெயின் லேபிள்ல ஓரமா பொடி எழுத்துல ஆர்எம்னு ரெண்டு எழுத்து தேடுங்க. திராட்சை வளர்த்தவரே வைனும் செஞ்சதுன்னு அர்த்தம், என்எம்னா பெரிய கம்பெனி, வெளிய இருந்தும் திராட்சை வாங்கிச் செய்யலாம். பெரிய பிராண்டோட அடிமட்ட பாட்டிலுக்குக் குடுக்கற காசுல நல்ல ஆர்எம் கிடைக்கும், கொடுக்கறவர் யோசிச்சு வாங்கியிருக்கார்னும் தெரியும். ஆனா பேரு தெரிஞ்சாதான் மதிப்புன்னு நினைக்கிற ஆளா இருந்தா அந்த வெவ் கிளிகோ மஞ்ச லேபிளையே வாங்கிக் குடுத்துடுங்க, அவங்க சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம். நீங்க கொண்டுபோன பாட்டிலை அவங்க அன்னைக்கே திறக்கணும்னு எதிர்பார்க்கக் கூடாது, சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி அவங்க வேற எடுத்து வச்சிருப்பாங்க. அன்னைக்கே குடிக்கணும்னு ஆசைன்னா குளிர வச்சே எடுத்துட்டுப் போங்க, குறிப்பு புரிஞ்சிடும்.

ஊருக்கு வரும்போது கொண்டுவர்றதுன்னா இந்தியாவுக்கு ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் டூட்டி இல்லாம விடுவாங்க, அதாவது ரெண்டு பாட்டில். துணியில சுத்தி செக்-இன் பெட்டியில போடலாம், மேல பறக்கும்போது வெடிச்சிடும்னு பயப்பட வேண்டாம், உள்ள 6 பார் தாங்கற பாட்டிலுக்கு விமானத்துல வர்ற மாற்றம் ஒண்ணுமே இல்ல. பிரச்சினை வீட்டுக்கு வந்தப்புறம்தான். நம்ம ஊருல கிஃப்டா வந்த பாட்டிலை ஹால் ஷோகேஸ்ல டியூப் லைட்டுக்குக் கீழ நிக்க வச்சு மூணு வருஷம் அழகு பாப்பாங்க. வெளிச்சமும் சூடும்தான் இதுக்கு ஜென்ம எதிரி, வெளிச்சம் பட்டா வேக வச்ச முட்டைக்கோஸ் வாசனையே வரும். கிரிஸ்டல்னு ஒரு விலை கூடின ஷாம்பெயின், 1876ல ரஷ்யாவோட ரெண்டாம் அலெக்சாண்டர் சக்கரவர்த்திக்காக கண்ணாடி மாதிரி தெளிவான பாட்டில்ல செஞ்சது, அதை இன்னைக்கும் தங்க நிறக் காகிதத்துல சுத்தித்தான் விக்கிறாங்க, வெளிச்சம் படக்கூடாதுன்னு. வருஷம் போடாத பாட்டில் எல்லாம் கடைக்கு வரும்போதே குடிக்க ரெடி, வச்சிருந்தா இன்னும் நல்லாகும்னு சென்னை வெயில்ல சேர்த்து வைக்காதீங்க, சித்திரை வர்றதுக்குள்ள குடிச்சிடுங்க.

மிச்சம் ஆயிடுச்சுன்னா பாட்டில் வாயில வெள்ளி ஸ்பூனைத் தொங்க விட்டா வாயு போகாதுன்னு ஒரு நம்பிக்கை ஐரோப்பா முழுக்க இருக்கு, 1994ல ஸ்டான்ஃபோர்ட்ல ரிச்சர்ட் ஸேர்னு வேதியியல் பேராசிரியர் குழுவா உக்காந்து குடிச்சுப் பாத்து அது சும்மான்னு சொல்லிட்டார். ரெண்டு பக்கமும் கொக்கி மாட்டற ஸ்பார்க்ளிங் மூடி சில பவுண்டுக்குக் கிடைக்கும், அதைப் போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா மறுநாள் வரைக்கும் தைரியமா குடிக்கலாம். சாதா வைன் கார்க்கைத் திருப்பி அடைச்சு வைக்காதீங்க, ராத்திரி ஃபிரிட்ஜுக்குள்ள அது பறந்து முட்டை ட்ரேயைப் பதம் பாத்துடும். குமிழியே போயிட்டா அதுல பேரிக்காயைப் போட்டு சர்க்கரையோட வேக வச்சா நல்ல டெஸர்ட்டு.